பத்தடி அறையும் நானூறு வருசத் தளபாடமும்

பாரிசில் இருந்து வந்த மருமகள் எங்கள் வீட்டுச் சின்ன அறையை வாசலில் நின்றபடியே சுற்றிப் பார்த்தாள். நீளம் பத்தடி, அகலம் எட்டடி, யன்னல் ஒன்று, பல்லி இரண்டு.

"மாமா, உந்த அறையை நான் போஹீமியனா மாத்தப்போறன்."

ஏதோ சமயம் மாறுகிற விசயம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊர்காவற்றுறையில் அது புதிதும் அல்ல. கடலால் வந்து இறங்கினவர்கள் ஊரின் பெயரை மாற்றினார்கள், ஆட்களின் பெயரை மாற்றினார்கள், சாமியை மாற்றினார்கள். விமானத்தால் வந்து இறங்கி அறையை மாற்றுகிறேன் என்றவள் இவள் ஒருத்திதான்.

கைபேசியில் படம் காட்டினாள். நிலத்தோடு ஒட்டிய படுக்கை. அதற்கு மேலே கூடாரம் மாதிரி ஒரு வெள்ளை வலை. கம்பளத்துக்கு மேலே இன்னொரு கம்பளம். முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்குகிற பூச்சாடி. ஒரு கிழட்டு மரப்பெட்டி. பிறகு கூடை, கூடை, கூடை.

"ஒண்டும் ஒண்டோட பொருந்தக் கூடாது மாமா. ஒவ்வொண்டும் ஒவ்வொரு நாட்டில இருந்து வந்ததா இருக்கவேணும். எல்லாம் பழசா இருக்கவேணும். ஆனா சேத்துப் பாத்தா வடிவா இருக்கவேணும்."

கடைசி நிபந்தனையை விட்டுவிட்டால் அவள் சொன்னது அறையலங்காரம் அல்ல, தீவகத்தின் சரித்திரம். அதைச் சொன்னேன். "அப்ப சொல்லுங்கோவன்" என்று பாயில் சப்பாணி கட்டி இருந்தாள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான், சும்மா சொன்னதை நம்பிவிடும். நான் தொடங்கினேன்.

தீவகத்தில் தளபாடத்துக்காக நடந்த முதல் சண்டை ஒரு சீதனச் சண்டை. மகோதரன் என்ற நாக அரசனுக்கும் குலோதரன் என்ற நாக அரசனுக்கும் ஒரு மணி பதித்த ஆசனத்தால் வழக்கு. மகோதரன் மாமன், குலோதரன் மருமகன். மருமகனின் தாயைக் கட்டிக்கொடுத்தபோது அவளுடைய தகப்பன் கொடுத்துவிட்ட ஆசனம் அது. கிழவன் கண்ணை மூடியதும் யாருக்குச் சொந்தம் என்று தொடங்கி, கடைசியில் இரண்டு பக்கமும் படை திரட்டிவிட்டார்கள். ஒரு கதிரைக்கு. யாழ்ப்பாணத்தில் காணி, கிணற்றுப் பங்கு, வேலிக் கதியால் என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இனி யாரும் கேட்கத் தேவையில்லை. புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் வந்து, இருவருக்கும் நடுவே வானத்தில் நின்று அறம் சொல்லிச் சமாதானம் செய்தார் என்கிறது மகாவம்சம். வரும்போது அவருக்குக் குடையாக ஒரு தேவன் ஒரு முழு மரத்தையே வேரோடு தூக்கிக்கொண்டு வந்தானாம். அந்த மரத்தை இங்கேயே விட்டும் போனார்கள்.

"வீட்டுக்குள்ள வைக்கிற செடி!" என்றாள் மருமகள்.

அதேதான். நாகதீபம் என்று மகாவம்சம் சொல்வது நயினாதீவைத்தான் என்று அங்கே யாத்திரை வருகிறவர்கள் நம்புகிறார்கள். குடாநாடு முழுவதையுமே அது குறிக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஊர்காவற்றுறையில் இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் பக்கத்து வளவு. இதே வழக்கைத் தமிழில் மணிமேகலையும் பதிவு செய்திருக்கிறது. அங்கே இடத்தின் பெயர் மணிபல்லவம். அதையும் நயினாதீவு என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை எழுதின சாத்தனார் கூடுதலாக ஒரு விவரம் தருகிறார், எனக்கு மிகவும் பிடித்த விவரம்: இரண்டு அரசர்களாலும் அந்தப் பீடத்தைத் தூக்க முடியவில்லை. தூக்க முடியாது, விடவும் மனமில்லை. சீதனமாக வந்த தேக்கு அலுமாரியை வைத்திருக்கிற எந்தக் குடும்பமும் இந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாகும்.

அடுத்தது பழைய பொருள் சேகரிப்பு. போஹீமியன் அறைக்குப் பழைய சாமான் சந்தையில் தேடித் தேடி வாங்கவேண்டும் என்று மருமகள் சொன்னாள். எங்கள் முன்னோர் சந்தைக்குப் போகவில்லை. சந்தை கப்பலில் வந்து கல்லில் மோதியது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டுவித்தான். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது எங்கள் ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குக் காவல் கொடுக்கப்படும். இதுவரை நல்ல பேச்சு. அதன் பிறகு கணக்கு வருகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

யானைக்கு ஏன் சலுகை? யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டிய சாமான். கொண்டுவருகிறவனை வெருட்டக் கூடாது என்பார்கள் படித்தவர்கள். எனக்கு வேறு எண்ணம். உடைந்த கப்பலில் இருந்து கரைக்கு நீந்தி வருகிற யானையைப் பங்கு பிரிக்கிற வேலை எந்த அரச உத்தியோகத்தனுக்கும் பிடித்திருக்காது. பட்டுத் துணி என்றால் பாதியாகக் கிழிக்கலாம்.

அம்மா அப்போதுதான் அறைக்குள் வந்தா. எண்பது தாண்டிய மனுசி. பேத்தியின் கைபேசியை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தொங்குகிற பூச்சாடியை விரலால் தொட்டுப் பார்த்தா.

"உறி எல்லோ இது? உதுக்குள்ள மோரோ வைக்கிறனியள்?"

"மக்ரமே, அம்மம்மா. முப்பது யூரோ."

"பூனைக்குப் பயந்து கட்டினதடி. அங்க பூனை வலு பெரிசோ?"

மக்ரமே என்ற பேர் அரபியில் புறப்பட்டு ஐரோப்பாவுக்குப் போனது என்பார்கள். அந்த முடிச்சுகளை ஊர் ஊராகப் பரப்பியதில் கப்பலோட்டிகளுக்குப் பெரிய பங்கு. காற்றில்லாத நாளில் கயிறும் கையும் சும்மா இருந்தால் வேறென்ன செய்வது? எங்கள் கரையில் அதே கையால் வலை பொத்தினார்கள், குசினிக்கு உறி பின்னினார்கள். அதை யாரும் கலை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுவரில் தொங்கியிருக்கும், மோரைப் பூனை குடித்திருக்கும்.

இனி வருவது போர்த்துக்கீசர். 1619 இல் யாழ்ப்பாண அரசை விழுங்கினார்கள். அடுத்த ஆண்டே நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலை இடித்தார்கள் என்று கோயில் வரலாறு சொல்கிறது. ஊர்காவற்றுறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கைஸ்'. அர்த்தம், துறை. ஏற்கனவே துறை என்று முடிகிற ஊருக்குத் துறை என்று பேர் வைக்க ஒரு பேரரசு வேண்டியிருந்தது. அதைத்தான் வெள்ளைக்காரன் 'கேய்ட்ஸ்' ஆக்கி, நாங்கள் இன்றைக்கும் பஸ் பலகையில் எழுதிக்கொண்டு திரிகிறோம்.

ஆனால் இடித்தவர்கள்தான் எங்களுக்குத் தளபாடமும் போட்டார்கள். நம்பாதவர்கள் ஒரு யாழ்ப்பாணத்து அறைக்குள் போய், கண்ணில் படுகிற சாமானின் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கதிரை: போர்த்துக்கீசம். மேசை: போர்த்துக்கீசம். அலுமாரி, யன்னல், வாங்கு, கொடியில் தொங்குகிற துவாய்: போர்த்துக்கீசம். மேசைக்கு ஒரு லாச்சி இருந்தால் அது ஒல்லாந்து. எங்கள் பங்கிலே எஞ்சுவது பாய், கட்டில், தலையணை, பெட்டகம். ஆக, படுக்கிறது தமிழ், இருக்கிறது போர்த்துக்கீசம். அவர்கள் வர முன்னம் நாங்கள் கால் தொங்கப் போட்டு இருக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; இருந்தோம், ஆனால் பேர் வைக்கிற அளவுக்கு அதைப் பாரதூரமாக எடுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டுக்காரர் நாற்காலி என்று சுத்தத் தமிழில் உட்கார்ந்துவிட்டு, கதவைப் பூட்டும்போது சாவி என்று போர்த்துக்கீசம் பேசுவார்கள். நாங்கள் கதிரையில் இருந்துகொண்டு திறப்பைத் தேடுவோம். கப்பல் வந்தபோது கதிரையை நாங்கள் எடுத்தோம், சாவியை அவர்கள் எடுத்தார்கள்.

1658 இல் ஒல்லாந்தர். இவர்களுக்கு வீட்டு நினைப்பு அதிகம். அம்மாவைப் பிரிந்து விடுதிக்குப் போன பிள்ளை தலைமாட்டில் ஊர்ப் படம் ஒட்டுகிற மாதிரி, வந்ததும் வராததுமாகத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பேரை ஒட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பர்க். அனலைதீவு ரொட்டர்டாம். நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்ஃப்ட். ஒல்லாந்து முழுவதும் பாக்கு நீரிணையில் கொடியில் காயப் போட்ட மாதிரிக் கிடந்தது. உப்புக் காற்றுக்கு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சிலபேர் சுவரில் இருந்து பழைய கலண்டரைக் கழற்றமாட்டார்கள், அது போல.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றால் நடுக்கடலில் தெரியுமே கோட்டை, அதைக் கட்டினவர்கள் போர்த்துக்கீசர். ஒல்லாந்தர் பீரங்கியால் அடித்தார்கள். கோட்டை விழவில்லை, உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்தது. நாலு பக்கமும் கடல், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு கிழமையில் கதவைத் திறந்துவிட்டார்கள். பிடித்த கோட்டைக்கு ஒல்லாந்தர் பேர் வைக்க யோசித்தார்கள். இலங்கையை வரைபடத்தில் பார்த்தால் உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடை மாதிரி இருக்கிறது என்று எவனோ பசியில் சொல்லியிருக்கவேண்டும். அப்படியானால் இந்த முனை? குதிகால். ஹம்மன்ஹீல், பன்றித் தொடையின் குதிகால். கந்தசட்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருக்கிற ஊரின் வாசலில் இந்தப் பெயரைத் தொங்கவிட்டுப் போனவர்களின் ரசனையை என்ன சொல்ல.

மருமகள் படத்தில் இருந்த கட்டில் விரிப்பைக் காட்டினாள். சிவப்பும் நீலமுமாகக் கொடியும் பூவும் ஓடின பருத்தித் துணி. இந்த இடத்தில் நான் எழும்பி நின்றுவிட்டேன். அந்தச் சிவப்பு எங்கள் மண்ணில் இருந்தது. இம்பூறல் என்று ஒரு பூண்டு, மணலில் முளைக்கும், பார்க்கப் புல் மாதிரி இருக்கும். அதன் வேர்தான் சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் தோண்டிய வேரை ஒல்லாந்தக் கும்பனி மொத்தமாக வாங்கியது. வாங்கியது என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். வேர் குத்துவது சில குடிகளுக்கு விதிக்கப்பட்ட ஊழியம். சோழமண்டலக் கரையில் சாயவேரில் தோய்த்த பூத்துணி ஐரோப்பாவில் கட்டிலுக்கு மேலே திரையாகவும் விரிப்பாகவும் ஏறியது. அங்கே அதற்கு வந்த கிராக்கியைப் பார்த்து பிரான்சின் நெசவாளர்கள் வயிற்றில் அடித்துக்கொள்ள, 1686 இல் அரசன் அச்சடித்த இந்தியத் துணியை நாட்டிலேயே தடை செய்தான். 1759 வரை தடை. எழுபத்து மூன்று வருசம் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பு பாரிசில் கள்ளச் சரக்கு.

"இப்ப நான் அதை அங்க இருந்து சூட்கேசில கொண்டு வந்திருக்கிறன்" என்றாள்.

கொண்டு வந்திருந்தாள். பிரித்துப் பார்த்தோம். ஓரத்தில் 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்று இருந்தது.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். போஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. 15ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குள் கூட்டமாக வந்த ரோமா நாடோடிகளை, அவர்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்று நினைத்து பிரெஞ்சுக்காரர் போஹீமியர் என்றார்கள். உண்மையில் அவர்களின் முன்னோர் வட இந்தியாவில் இருந்து நடந்தவர்கள். அவர்களின் பேச்சைப் பிரித்துப் பார்த்து ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்கு அவர்கள் இன்றைக்கும் பானி என்கிறார்கள். பிறகு 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாடகை கொடுக்க முடியாத எழுத்தாளர், ஓவியர் எல்லாரும் அதே பேரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஹென்றி முர்ஜே அவர்களைப் பற்றிக் கதைகள் எழுதி 1851 இல் புத்தகமாக்கினார். அதைப் புச்சீனி 1896 இல் இசை நாடகமாக்கினார். அதில் முதல் காட்சியிலேயே குளிர் தாங்காமல் கவிஞன் தன் நாடகக் கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டு எரிக்கிறான். தமிழ் எழுத்தாளனுக்கு இந்த வசதியும் இல்லை. ஊர்காவற்றுறை வெக்கைக்கு எதை எரிப்பது?

ஆக, அந்த அறைகளில் ஒன்றோடு ஒன்று பொருந்தாத சாமான் இருந்ததற்குக் காரணம் ரசனை அல்ல, கையில் காசில்லை. ஒருத்தன் கதிரை கொண்டுவந்தான், மற்றவன் திரைச்சீலை கொண்டுவந்தான், மூன்றாமவன் கடன் கொண்டுவந்தான்.

இலங்கையிலும் அசல் போஹீமியன் வீடு ஒன்று இருக்கிறது. ஆனால் தெற்கே. வெலிகமக் கரைக்கு எதிரே ஒரு குட்டித் தீவில், தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் டி மோனி எண்கோண மண்டபம் வைத்து ஒரு மாளிகை கட்டினார். 1952 இல் அமெரிக்க எழுத்தாளர் போல் போல்ஸ் அந்தத் தீவையே வாங்கினார். ஆசையாக மனைவி ஜேனைக் கூட்டிவந்தார். அந்த அம்மாவுக்கு அங்கே இருந்த வௌவால்களைக் கண்ணில் காட்டக்கூடாது, திரும்பிப் போய்விட்டா. எங்கள் பக்கம் விட்டுப்போன வீடுகளில் வௌவாலுக்குக் குறைவில்லை. எந்த அமெரிக்கனும் விலை கேட்டு வரவில்லை.

விட்டுப்போன வீடுகள் என்றேன். 1991 இல் நாங்களும் எங்கள் வீட்டை விட்டுத்தான் போனோம், தீவே வெறிச்சோடிய காலம். வருசங்களுக்குப் பிறகு வந்து பார்த்தபோது இந்தச் சின்ன அறையில் ஓடு இல்லை, யன்னல் இல்லை, யன்னல் இருந்த நிலையும் இல்லை. சுவர் மட்டும் இருந்தது, காரை உதிர்ந்து உள்ளே முருகைக்கல் தெரிய. மூலையில் ஒரு ஆலங்கன்று என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மேலே முழு வானம். அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மருமகள் கைபேசியில் 'காரை உதிர்ந்த மாதிரிச் சுவர் பூச்சு, உள்ளக மரம், கூரையில் கண்ணாடி' என்று ஒரு பாரிஸ் அறையைக் காட்ட, அம்மா மட்டும் சிரித்தா.

"அப்ப நாங்கள் உதைக் காசு குடுத்தெல்லோ திருத்தினனாங்கள்."

மருமகளை நெடுந்தீவுக்கும் கூட்டிப் போனேன். குறிகட்டுவானில் படகு ஏறி, சத்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தது அவள் மட்டும். அங்கே சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டின மதில்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டின் பொந்துகளைப் பார்த்து, "இது புத்தகத் தட்டு" என்றாள். உள்ளே கோறையான பெருக்கு மரத்துக்குள் ஏறி நின்று, பத்துக்கு எட்டை விட இது வசதி என்றாள். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள் எங்களைக் கவனிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. அறைக்குள் கொண்டுபோக முடியாது என்று நான் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்து ஹம்மன்ஹீல் கறுப்பாகத் தெரிந்தது. அது பிறகு சிறையானது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை வைத்திருந்தார்கள். கிளர்ச்சித் தலைவர் ரோகண விஜேவீரவும் அங்கே இருந்தார். இப்போது கடற்படை அதை உல்லாச விடுதியாக நடத்துகிறது. காசு கொடுத்துப் போய்ப் படுக்கலாம். போர்த்துக்கீசன் தண்ணீருக்கு ஏங்கினான், கைதி விடுதலைக்கு ஏங்கினான், சுற்றுலாக்காரன் அறை கிடைக்கவில்லை என்று ஏங்குகிறான். அதே சுவர்தான், நடுவில் ஒரு கட்டில் விரிப்பு மாறியிருக்கிறது.

கடைசியில் அறை முடிந்தது. வாங்கினது எதுவும் இல்லை. நுளம்பு வலையை நடுவில் தூக்கிக் கட்டினதும் கூடாரமாயிற்று. ஓலைப்பாய்க்கு மேலே புற்பாய். பரணில் கிடந்த கடகம் மூன்று, நீத்துப்பெட்டி இரண்டு, சுளகு ஒன்று சுவருக்கு ஏறின. பெட்டகத்தைக் கால்மாட்டுக்குத் தள்ள நாலு பேர் தேவைப்பட்டது. யன்னலில் அவள் கனவு பிடிக்கிற வலை என்று ஒன்றை, இறகெல்லாம் வைத்தது, தொங்கவிட்டாள். வட அமெரிக்காவில் ஒஜிப்வே மக்கள் குழந்தைகளுக்குக் கட்டுவதாம், கெட்ட கனவு சிக்கிக்கொள்ளுமாம். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய், ஒரு தேசிக்காயும் மூன்று செத்தல் மிளகாயும் கோத்து அதற்குப் பக்கத்தில் கட்டினா. கனவுக்கு அது, கண்ணூறுக்கு இது. உறியும் ஏறியது, மணிப்பிளாண்டோடு. பூனை கீழே இருந்து இரண்டு நாள் அண்ணாந்து பார்த்து, பிறகு கைவிட்டது.

சச்சரவு வந்தது சாய்மனைக்கதிரையில்தான். தாத்தாவின் கதிரை, கை நீண்டு கால் போடுகிற மாதிரி, பிரம்பு பின்னினது. அறைக்குள் வைத்தாள், கதவு திறபடவில்லை. விறாந்தையில் வைத்தாள், தன் நாயகப் பொருள் போய்விட்டது என்று முகம் வாடினாள். கடைசியில், "மாமா, இதை நான் பாரிசுக்குக் கொண்டுபோறன்" என்றாள்.

"அது கொம்மாவுக்குச் சீதனமாக் குடுக்கேல்லை."

"அம்மா தனக்குத்தான் எண்டு சொன்னவ."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெத்திலைத் தட்டத்தைப் பார்த்தா. கப்பலில் அனுப்ப என்ன போகும் என்று விசாரித்தோம். சொன்ன தொகைக்கு பாரிஸ் லா சப்பேலில் ஒரு கடையே போடலாம். வழியில் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு என்று நான் நினைவூட்டினேன். எடுத்துப் பார்ப்போமே என்று இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்தோம். வெள்ளைக்காரன் காலத்து மரம். அரை அங்குலம் எழும்பியது, இறங்கியது.

மருமகள் அதில் சாய்ந்து கால் இரண்டையும் கையில் போட்டுவிட்டாள். நான் வாங்கில் போய் இருந்தேன்.